பச்சை வண்டியும் உப்பு வண்டியும்

நூலின் ஒரு முனை என் கையில். மறு முனை ஏகாம்பரம் அண்ணன் கையில். இருவருக்கும் நடுவே, திருவொற்றியூர் காயலாங்கடை மண்ணில், நாலு கருங்கல்லின் மேல் ஒரு லாரியின் எலும்புக்கூடு கிடந்தது. டயர் இல்லை, மூக்கு இல்லை, மேலே பலகை இல்லை. நீளமாக இரண்டு இரும்புச் சட்டம், அவற்றைச் சேர்த்துப் பிடிக்கக் குறுக்கே ஐந்தாறு சட்டம். இதற்குத்தான் சேஸ் என்று பெயர்.

"இய்த்துப் புடி தங்கச்சி. கொடியில துணி காயப்போடறாப்பல தொங்குது பாரு" என்றார் அண்ணன்.

இழுத்துப் பிடித்தேன். வலது முன் மூலையிலிருந்து இடது பின் மூலை வரைக்கும் அளந்து நூலில் ஒரு முடிச்சுப் போட்டார். பிறகு இருவரும் இடம் மாறி, இடது முன் மூலையிலிருந்து வலது பின் மூலைக்கு அதே நூலைப் பிடித்தோம். இரண்டு அளவும் ஒத்துப்போனால் சேஸ் நேராக இருக்கிறது என்று அர்த்தம். முடிச்சு மூலைக்கு வராமல் நாலு விரல் தள்ளி நின்றது.

அண்ணன் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு, "இது தான் நம்ப வண்டி" என்றார்.

பழைய டயர் ஒன்றின் மேல் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் சிரித்தார். சிரிப்பு பாதியில் இருமலானது. இருமி முடித்துக் கீழே துப்பியதை மண்ணைத் தள்ளி மூடினார். நான் பார்க்கக்கூடாதாம். நான் பார்க்காமலா இருப்பேன்?

சென்ற வாரம் துறைமுகத்துக் கரி டிப்போவைப் பற்றி எழுதியிருந்தேன். "உங்கள் வீட்டுக்காரர் அந்தக் கரியை விட்டு எப்படித்தான் வெளியே வந்தார்?" என்று படித்தவர்கள் சிலர் கேட்கிறார்கள். அதைச் சொல்ல வேண்டுமானால் இந்த நூலிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

சாக்குக்குள் ஒரு சக்களத்தி

யுத்தம் முடிந்து சில வருஷம் ஆகியிருந்தது. பெட்ரோலுக்குக் கூப்பன் வாங்கிக்கொண்டு வரிசையில் நின்ற காலம். என் வீட்டுக்காரர் சூசை யுத்தத்தில் மிலிட்டரி லாரி ஓட்டியவர். திரும்பி வந்ததும் ஓட்டுவதற்கு லாரி கிடைக்கவில்லை. ராயபுரத்தில் எங்கள் தெருவில் பாதி ஆண்கள் போன இடத்துக்கே அவரும் போனார், கப்பலிலிருந்து கரி இறக்க.

போகப்போக அவர் துணி துவைத்த தண்ணீர் மையாக ஓடியது. தலையணை உறையில் கறுப்பு வட்டம் விழுந்தது. நெஞ்சில் குழல் வைத்துப் பார்த்த டாக்டர், "இன்னும் ஒரு வருஷம் கரி இறக்கினால் அப்புறம் என்னிடம் வராதே" என்று சொல்லிவிட்டார். அதைக் கேட்டுக்கொண்டு வந்தவர் வீட்டுக்கு நேரே வரவில்லை. தோஸ்து ஏகாம்பரத்தைப் போய்ப் பார்த்தார்.

ஏகாம்பரம் அண்ணன் எண்ணூர்ப் பக்கம் மீனவக் குப்பத்தில் பிறந்தவர். கடலுக்குப் போகாமல் பிட்டர் வேலை கற்றுக்கொண்டு, திருவொற்றியூர் ஒர்க்ஷாப் ஒன்றில் இருந்தார். என்னைத் தங்கச்சி என்பார். எங்கள் வீட்டுக்காரருக்கு அவர் மாமு. எங்களுக்கு மாதாகோயில், அவர்களுக்கு அம்மன் கோயில். அதனால் ஒரு சண்டையும் வந்ததில்லை. சண்டையெல்லாம் ஸ்பானர் எங்கே வைத்தாய் என்பதில்தான் வரும்.

இரண்டு பேருமாகச் சேர்ந்து நொறுங்கிப்போன பஸ் ஒன்றின் டீசல் இன்ஜினை ஏலத்தில் எடுத்துவிட்டார்கள். வண்டியே இல்லை, இன்ஜின் மட்டும். தாலியை வாங்கிவிட்டுப் பெண் தேடின கதைதான். அது எங்கள் வீட்டு நடையில், ரயில் கட்டை இரண்டின் மேல், கோணிச் சாக்குப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது. உள்ளே போகிறவர்கள் ஒருக்களித்துத்தான் போக வேண்டும். காலையில் எழுந்ததும் என் வீட்டுக்காரர் முதலில் அதைத்தான் விசாரிப்பார். "இன்னா, உங்க சின்ன வூட்டுக்குக் காபி வேணுமாம்" என்பேன். எங்கள் கோழி அதன் பக்கத்தில் முட்டை வைத்துப் பழகிவிட்டது.

டீசல் ஏன் என்றால், அது குறைவாகக் குடிக்கும், நிறைய இழுக்கும். அண்ணனின் அக்கா கன்னியம்மா குப்பத்து மீன்காரப் பெண்களுக்கெல்லாம் தலைவி மாதிரி. கூடையோடு ரயிலேறி, கூட்டத்தில் மிதிபட்டு, "நாறுது, எறங்கு" என்ற ஏச்சையெல்லாம் கேட்டுக்கொண்டு பட்டணத்துக்கு வந்துகொண்டிருந்தார்கள். லாரி வந்தால் அத்தனை கூடையும் உங்களுக்குத்தான் என்று அவள் வாக்குக் கொடுத்திருந்தாள். அவள் சொன்னால் குப்பத்தில் மறுபேச்சு கிடையாது.

ஆக, வண்டி உருவாகி ஓடிவிட்டால் அவர் பிழைத்தார். ஐப்பசி மழைக்கு முன்னால் ஓடாவிட்டால் கரிக்கே திரும்பிவிடுவது என்று அவராகவே தீர்மானம் செய்திருந்தார். டிப்போ மேஸ்திரியும் அதுவரைக்கும் இடத்தை வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தார். ரொம்ப நல்ல மனுஷர்!

இரண்டு எலும்புக்கூடு

காயலாங்கடை காசிம் பாயிடம் டிஸ்போசல் லாரிகள் பிணம் பிணமாகக் கிடந்தன. பட்டாளம் விட்டுப்போனதை ஏலத்தில் வாங்கி, சதையை ஒருவருக்கும் எலும்பை ஒருவருக்கும் விற்பார். தட்டையான மூக்குள்ள வண்டிகளை அண்ணன் தொடவேயில்லை. அதில் இன்ஜின், டிரைவர் தொடைக்குப் பக்கத்தில் உட்காரும். எங்கள் இன்ஜினோ நீளம். "உள்ள வெச்சா சூசை வெளிய நின்னுகினு தான் ஓட்டணும்" என்றார்.

மூக்கு நீண்ட வகையில் இரண்டே சேஸ் தேறியது.

ஒன்று உப்பு வண்டி. பட்டாளத்திலிருந்து வந்து, உப்பளத்தில் சில காலம் மூட்டை ஏற்றியது. சட்டம் கனமானது. ஆனால் உப்புத் தண்ணீர் உள்ளே இறங்கி, சுத்தியலால் தட்டினால் சில இடத்தில் 'ணங்'கென்றும் சில இடத்தில் 'பொத்'தென்றும் சொல்லியது. எங்கேயோ மோதி முறுக்கிக்கொண்டும் இருந்தது. நூல் காட்டிய நாலு விரல் அந்த முறுக்குத்தான்.

இன்னொன்று கடையின் பின்பக்கம், தகரக் கொட்டகைக்குள் இருந்தது. அதற்கும் நானும் என் வீட்டுக்காரரும் நூல் பிடித்தோம்; அண்ணன் அதை முன்னாலேயே பார்த்திருந்தார் என்பது அப்புறம்தான் தெரிந்தது. முடிச்சு மூலையில் ஆணி அடித்தாற்போல் வந்து நின்றது. சுத்தியலுக்கு ஒரே குரலில் பதில் சொல்லியது. ஸ்பிரிங் பட்டை ஒன்றுகூடத் தளரவில்லை.

"இத்தினி வருசம் ஓடியும் ஒடம்பு நோவாத வண்டி" என்றார் என் வீட்டுக்காரர். "இன்னா பாய், எங்க ஓடிச்சு இது?"

காசிம் பாய் ஒளிக்கிறவரில்லை. "ஆஸ்பத்திரி வண்டி. மெதுவா போவும், மெதுவா வரும். பாரம் இல்ல, அவசரம் இல்ல. அதான் இப்டி கீது."

நான் சட்டத்தின் உள்மடிப்பில் விரலை விட்டுத் தேய்த்தேன். அழுக்குக்குக் கீழே கரும்பச்சை பெயிண்ட். எனக்குப் புரிந்துவிட்டது. அந்தக் காலத்தில் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து வடக்கே எங்கள் பக்கத்துக்குப் பிணம் கொண்டுவர ஒரே ஒரு வண்டிதான் இருந்தது. பச்சை வண்டி என்போம். அது தெருவில் திரும்பினால் பெண்கள் அடுப்பை விட்டு வெளியே வருவார்கள், யார் வீட்டு வாசலில் நிற்கிறதென்று பார்க்க. என் மாமியாரும் அதில்தான் வந்து இறங்கினார்.

நான் சிலுவை போட்டுக்கொண்டேன். அதோடு என் பயம் முடிந்துபோயிற்று. செத்தவர்கள் என் வீட்டுக்காரர் நெஞ்சில் கரியைக் கொட்டவில்லையே.

ஏகாம்பரம் அண்ணன் மட்டும் கொட்டகைக்குள் முழுசாக வரவே இல்லை. வாசலில் நின்றபடியே, "உப்பு வண்டிய பேசி முடி" என்றார்.

"மாமு, நூலு நாலு விரல் தள்ளி நிக்குது."

"காய்ச்சி நிமித்திக்கலாம்."

"டீசல் குலுக்கற குலுக்கலுக்கு அது ஒரு மாசம் தாங்குமா? நீதான சொன்ன, பெட்ரோல் இன்ஜின் பாட்டு பாடும், டீசல் ஒலக்கையில இடிக்கும்னு?"

"தாங்கும்னா தாங்கும். பிட்டரு நீயா, நானா?"

தன் வேலையில் நூலளவு தப்பினாலும் மறுபடி பிரித்துப் பூட்டுகிற மனுஷர், கண்ணெதிரே கோணலாக இருப்பதை நேர் என்கிறார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "இன்னாண்ணே, பேய்க்குப் பயந்துகினியா?" என்று கேட்டேவிட்டேன்.

அவர் என்னைப் பார்க்காமல் பதில் சொன்னார். "எங்க நைனாவ அதுல தான் இட்டாந்தாங்க தங்கச்சி. நான் பின்னால, அவரு தலமாட்டுல உக்காந்துகினு வந்தேன். பலக சந்து வழியா கீழ பாத்துகினே வந்தேன். அந்தக் குறுக்குச் சட்டத்துல மூணாவது ரிவிட்டு கொஞ்சம் சப்பையா இருக்கும். போய்ப் பாரு."

போய்ப் பார்த்தேன். சப்பையாகத்தான் இருந்தது.

என் வீட்டுக்காரர் கையிலிருந்த நூலைச் சுருட்டிக்கொண்டார். "மாமு வேணாம்னா வேணாம். உப்பு வண்டியே போதும்" என்றார்.

நட்பு பெரிதுதான். யார் இல்லையென்றது? ஆனால் அந்தக் கோணல் சேஸ் உடைந்தால் இன்ஜினும் உடையும், இன்ஜின் உடைந்தால் இவர் கரிக்குப் போவார், கரிக்குப் போனால் பச்சை வண்டிக்கு அடுத்ததாக வந்த வண்டி எதுவோ அது எங்கள் வாசலில் நிற்கும். வீட்டுக்கு வந்து சோறு போடும்போது தட்டு வைத்த சத்தத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

கன்னியம்மா சொன்ன முறை

மறுநாள் அவரிடம் சொல்லாமல் எண்ணூருக்கு ரயில் ஏறினேன். கன்னியம்மா அக்கா கரையில் உட்கார்ந்து கருவாட்டைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள். நல்ல உயரம், குரலும் அப்படியே. சுற்றி வளைத்துப் பேசினால் அவளுக்குப் பிடிக்காது.

"அக்கா, நல்ல சேஸ் ஒண்ணு கீது. ஆனா அது அந்தப் பச்சை வண்டியோடது. உங்க நைனா வந்த வண்டி. அண்ணன் தொடமாட்டேன்னுது. சொல்லாம மறைச்சு மீன் ஏத்தறதுக்கு எனக்கு மனசில்ல. அதை விட்டா எங்க வூட்டுக்காரு கரிக்குத்தான் போவணும். போனா செத்துடுவாரு. அவ்ளோதான்."

கையிலிருந்த கருவாட்டைக் கீழே வைத்தாள். பக்கத்தில் இருந்த பெண்கள், "பொணம் ஏத்துன வண்டியிலயா மீன வெக்கறது? ஐயே!" என்றார்கள். அவள் கையைக் காட்டி அவர்களை அடக்கினாள்.

"ஏ ரோசி, கடல்ல செத்தவன கரைக்கு எதுல கொண்டாறோம்? கட்டுமரத்துல தான? அந்த மரத்த அப்புறம் இன்னா பண்றோம், கொளுத்திடறோமா? மரம் இன்னா, சும்மாவா வருது?"

நான் விழித்தேன். கரையிலிருந்த கட்டுமரம் ஒன்றைக் காட்டிச் சொன்னாள். கட்டுமரம் என்பது நாலைந்து கட்டையைக் கயிற்றால் சேர்த்துக் கட்டியது, அவ்வளவுதான். அதில் பிணம் வந்தால் அந்தக் குப்பத்தில் ஒரு முறை உண்டு. செத்தவனின் மூத்த மகன் தன் கையால் கட்டுக்கயிற்றை அவிழ்க்க வேண்டும். ஒவ்வொரு மரத்தையும் தனித்தனியாகக் கழுவ வேண்டும். பழைய கயிற்றைக் கடலில் விட்டுவிட்டுப் புதுக்கயிற்றில் அவனே கட்ட வேண்டும். அதற்குப் பிறகு அது வேறு மரம், தாராளமாக வலை ஏற்றலாம்.

"அத்தயே இதுக்கும் செய்யச் சொல்லு. செஞ்சா ஏத்தறோம். செய்யாம கொண்டாந்தா ஒரு கூடையும் ஏறாது" என்றாள். பரிதாபப்பட்டு இளகிச் சொன்னதில்லை. சட்டம் சொன்னாள்.

அன்று மாலையே என்னோடு திருவொற்றியூர் வந்து தம்பியிடமும் சொன்னாள். அண்ணன் குதித்தார்.

"ஐய, இது இன்னா பேஜாரு! அக்கா, அது கவுறு இல்ல, ரிவிட்டு! பழுக்கக் காய்ச்சி அடிச்சது!"

"ரிவிட்டுன்னா இன்னா? ரெண்டு இரும்ப ஒண்ணா புடிச்சிகினு கீதா இல்லியா?"

"புடிச்சிகினுதான் கீது."

"அப்ப அது கட்டுதான். அவுறு. நைனாவுக்குப் பெரிய புள்ள நீ. நீதான் அவுக்கணும், நீதான் கட்டணும்."

ஒரு வாரம் அண்ணன் எங்கள் பக்கம் தலைகாட்டவில்லை. அப்புறம் ஒருநாள் உளியும் சம்மட்டியுமாகக் காயலாங்கடைக்குப் போய்விட்டார் என்று காசிம் பாய் ஆளனுப்பிச் சொன்னார்.

ஒரு ரிவிட்டுக்கு ஒரு வசவு

ஒவ்வொரு ரிவிட்டின் தலையையும் உளி வைத்து வெட்டினார். ஒவ்வொன்றுக்கும் ஒரு கெட்ட வார்த்தை. எதிலும் இரண்டாம் தடவை அதே வார்த்தை வரவில்லை என்று என் வீட்டுக்காரர் பிற்பாடு பெருமையாகச் சொல்வார். அந்தச் சப்பை ரிவிட்டை மட்டும் கடைசியில் எடுத்தார். அதற்குத் திட்டவில்லை. பெயர்த்ததை மடியில் முடிந்துகொண்டார்.

பிரித்த சட்டங்களை மஞ்சள் தண்ணீரில் கழுவினோம். திரும்பப் பூட்டும்போது உலை வைத்துப் புது ரிவிட்டுகளைச் சிவக்கக் காய்ச்ச வேண்டியிருந்தது. உலை என்றால் கரிப்புகை. என் வீட்டுக்காரர் துருத்தியைத் தொடப் போனார். "அந்தாண்ட போங்க" என்று அவரைக் காற்று வருகிற பக்கமாகத் தள்ளி உட்காரவைத்துவிட்டு நானே துருத்தி ஊதினேன். நல்ல இரும்பு வேலைக்காரி என்று காசிம் பாய் கேலி செய்தார். முழங்கையில் பொறி பட்ட தழும்பு இன்னும் இருக்கிறது.

அப்படிப் பிரித்ததால் உள்ளே ஒளிந்திருந்த விரிசல் எதையாவது கண்டுபிடித்தீர்களா என்று கேட்பீர்கள். ஒரு விரிசலும் இல்லை. பழைய ரிவிட்டே எங்கள் காலத்தைத் தாண்டித் தாங்கியிருக்கும். இரும்புக்கு அந்த வேலை தண்டம். ஒரே லாபம், டீசலின் நீளத்துக்காக முன் குறுக்குச் சட்டத்தை எப்படியும் தள்ளிவைக்க வேண்டியிருந்தது, அதுவும் கையோடு முடிந்தது.

பிறகு சேஸுக்கு டயர் மாட்டி எங்கள் தெருவுக்கு இழுத்துவந்து, வீட்டுச் சக்களத்தியைச் சங்கிலி போட்டுத் தூக்கிப் புதுவீட்டில் உட்காரவைத்தார்கள். குலுக்கல் தாங்கப் பழைய டயரை வெட்டி அடியில் மெத்தை வைத்தார்கள். முன்பக்கம் கனம் கூடியதால் ஸ்பிரிங்கில் ஒரு பட்டை சேர்த்தார்கள். மூக்கும் மேல்பலகையும் பின்கதவும் பூட்டினார்கள். கோழி இரண்டு நாள் நடையில் சுற்றிச் சுற்றி வந்து, வேறு வழியில்லாமல் என் முறத்தில் முட்டை வைத்தது.

முதல் தடவை கிளப்பியபோது தெருவே அதிர்ந்தது. சத்தம் கேட்டு டிப்போ மேஸ்திரியும் வந்து பார்த்தார். "ஓடுமா சூசை?" என்றார். "ஏத்தினா ஓடும். ஏத்தலன்னா உன்னாண்ட தான் வரணும்" என்றார் இவர். வானம் வடக்கே கறுத்துக்கொண்டிருந்தது.

மணலில்

எண்ணூர் ரோட்டிலிருந்து குப்பத்துக்கு வழி கிடையாது, வெறும் மணல். ரோட்டிலேயே நிறுத்திவிட்டுக் கூடைகளைக் கொண்டுவரச் சொல்லலாம் என்று இவர் நினைத்திருந்தார். போய்ப் பார்த்தால், ரோட்டிலிருந்து குப்பம் வரைக்கும் சக்கரத்தடம் போல இரண்டு வரிசையாகத் தென்னமட்டை பரப்பியிருந்தது. "மேல ஏத்து" என்று தூரத்திலிருந்தே கையைக் காட்டினாள் கன்னியம்மா.

மட்டை நொறுங்க நொறுங்க வண்டி மெதுவாக உள்ளே போனது. நான் முன்னால் உட்கார்ந்திருந்தேன். அண்ணன் உட்கார மாட்டேன் என்று கூடவே நடந்து வந்தார். குப்பத்துப் பெண்கள் கூடையைக் காலடியில் வைத்துக்கொண்டு நின்றார்கள். ஒருத்தியும் அசையவில்லை. எல்லோரும் கன்னியம்மாவைப் பார்த்தார்கள். இவர் இன்ஜினை அணைத்தார்.

அவள் வந்து குனிந்து, சட்டத்துக்கு அடியில் கையை விட்டு ஒரு புது ரிவிட்டைத் தடவிப் பார்த்தாள். தம்பியைப் பார்த்து, "நீ அடிச்சதா?" என்றாள். அவர் தலையை ஆட்டினார்.

நிமிர்ந்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். "அன்னிக்கு நைனாவ இட்டாந்தப்போ, மண்ணுல மாட்டிக்கும்னு டிரைவரு ரோட்டாண்டயே நிறுத்திட்டான். வெயில்ல எறக்கிவெச்சி, தோள்ல போட்டு இட்டாந்தோம். அவரு வூட்டாண்ட வண்டி வரல. இன்னிக்குத்தான் வந்துகீது."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இவர் இனிமேல் கரிக்குப் போக வேண்டாம் என்ற சந்தோஷமும் அதில் இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்?

"இன்னாபா பாத்துகினு கீற? பின்கதவ தொற" என்று என் வீட்டுக்காரரை அதட்டினாள். முதல் கூடையை அவளே தூக்கி நீட்டினாள். ஏகாம்பரம் அண்ணன் வண்டிக்குள் ஏறி, அதை வாங்கித் தலைமாட்டுப் பக்கமாக வைத்தார்.